முனியனின் வலது கை

அத்தியாயம் ஏழு

இருட்டறைக்குள் நுழைந்ததும் கான்ஸ்டபிள் விலங்கின் ஒரு வளையத்தைக் கழற்றினார். முனியன் தன் வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தான். எடுத்து வைத்தான் என்பதுதான் சரி. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் போலத் தூக்கி வைத்தான். கை விளிம்பிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. அது விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை.

தாமோதரன் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துப்பறியும் தொழிலுக்கு வந்த பதினான்கு வருஷத்தில் நோயாளியாக நடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். நடிக்கிறவன் தன் கைமேல் எப்போதும் ஒரு கண் வைத்திருப்பான். இவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதின்மூன்று நாள் முன்பு, 1987 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, பழவேற்காடு ஏரியின் தோணிரேவுக் கரையில் பச்சைமுத்து முழங்கால் தண்ணீரில் குப்புறக் கிடந்தான். ஊர்க்காரர்கள் பிடித்துவரும் இறாலை வாங்கி ஐஸ் வைத்துச் சென்னைக்கு அனுப்புகிறவன். கழுத்தில் ஒரு வலது கையின் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. பக்கத்தில் முனியனின் பறி மிதந்துகொண்டிருந்தது. பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னப் பை. கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒன்று வைத்திருப்பார்கள். பறியில் நாற்பத்து மூன்று இறால், எல்லாம் உயிரோடு. கரையில் முனியன் உட்கார்ந்திருந்தான். போலீஸ் கேட்டதற்கு அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் மனைவி எல்லம்மா மண்ணடியில் இருந்த தாமோதரனின் அலுவலகத்தைத் தேடி வந்தது அதற்கு நான்காம் நாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள். அவருக்கு வலது கை வராது, வராத கை எப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று ஒரே கேள்வி. சப்-இன்ஸ்பெக்டர் தேவதாஸின் பதில் சுருக்கமாக இருந்தது. பிடிபட்ட அன்று காலை வரை தினமும் ஏரியில் இறங்கி இறால் பிடித்த கை, லாக்கப்புக்கு வந்ததும் எப்படி மடங்கிப் போகும்? நடிப்பு.

நடிப்பா இல்லையா என்று பார்க்கத்தான் பொன்னேரி கோர்ட்டில் அனுமதி வாங்கி, சென்னையில் இந்த இருட்டறைக்கு வந்திருந்தார்கள். டாக்டர் கஸ்தூரி இரண்டு வருஷம் லண்டனில் இருந்துவிட்டு வந்தவர். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் மெஷினால் தசையையும் பார்க்கலாம் என்று அங்கே கற்றுக்கொண்டு வந்திருந்தார். இங்கே அதை யாரும் நம்பவில்லை. கர்ப்பிணிகளின் வரிசை முடியும் வரை காத்திருந்து அவர் மெஷினை இரவல் வாங்க வேண்டியிருந்தது.

தாமோதரனின் உதவியாளர் சுராயா கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பழவேற்காட்டுக்காரி. சட்டம் படித்துக்கொண்டே அவரிடம் டைப் அடிக்க வந்தவள். வந்த மூன்றாம் மாதமே அவர் பேசாமல் விடும் வாக்கியங்களையும் சேர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"வெளியில ஒரு அம்மா இவர பாத்துட்டு எத்தினி மாசம்னு கேட்டாங்க சார். பதிமூணு நாளுன்னு சொல்லிட்டு வந்தேன்."

கான்ஸ்டபிள் சிரித்தார். முனியன் சிரிக்கவில்லை.

டாக்டர் முதலில் இடது கையில் களிம்பைத் தடவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் கருவியை வைத்தார். களிம்பு சில்லென்று பட்டதும் அந்தக் கை ஒருமுறை சுருங்கியது. திரையில் அந்தச் சதை கறுப்பாக, நடுவில் மெல்லிய கோடுகளோடு தெரிந்தது. உயிருள்ள தசை கறுப்பாகத்தான் தெரியும் என்றார். பிறகு வலது கை. இப்போது களிம்புக்கு எந்த அசைவும் இல்லை. திரையில் பாதிக் கனம்தான் இருந்தது. அதுவும் சலித்த மாவைக் கொட்டியதுபோல் வெள்ளையாக.

நரம்பு செத்துப்போனால் அது ஆட்டுவித்த தசையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து வெளுத்துவிடும் என்று அவர் விளக்கினார். முகத்தை மாற்றிக்கொண்டு நடிக்கலாம், விரலை மடக்கிக்கொண்டு நடிக்கலாம், தசையை வெளுக்க வைத்து நடிக்க முடியாது. லாக்கப்பில் அடிபட்டு வந்ததாகவும் இருக்க முடியாது. பதின்மூன்று நாளில் இவ்வளவு வெளுக்காது.

"தேதி கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு வருஷத்துக்குக் குறையாதுன்னு மட்டும் கையெழுத்துப் போட்டுத் தரேன். இந்தக் கட்டைவிரல் மத்த விரலுக்கு எதிரே வரவே வராது. கழுத்த விடுங்க, இந்தக் கையில ஒரு இறால வச்சா, அது இறாலா சேறான்னுகூட இவருக்குத் தெரியாது."

சுராயா தாமோதரனைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்ற பார்வை அது. அவர் அதைத் திருப்பித் தரவில்லை.

டாக்டர் முனியனின் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்குமே, அந்த இடம். அங்கே நரம்பு தாம்புக்கயிறு மாதிரித் தடித்திருந்தது. சட்டைக் கையை மேலே தூக்கினார். தோளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிர்ந்த தேமல். கான்ஸ்டபிளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வியாதியின் பெயரைத் தாழ்ந்த குரலில் சொன்னார். தொழுநோய். பயப்பட ஒன்றும் இல்லை, மூன்று மாத்திரை சேர்த்துக் கொடுக்கிறார்கள், முழுதாகக் குணமாகிவிடும், மாத்திரை தொடங்கிவிட்டால் யாருக்கும் ஒட்டாது. போன தசை மட்டும் திரும்ப வராது.

முனியன் பதின்மூன்று நாளில் முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"தாயே, கை நல்லா கீதுன்னு எழுதிக் குடுத்துடு."

அவனுக்குச் சரியாகப் புரியவில்லையோ என்று நினைத்த டாக்டர், கை கெட்டிருக்கிறது, அதுதான் உங்களை வெளியே கொண்டுவரும் என்று மறுபடி விளக்கினார். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு அதையே மறுபடி சொன்னான்.

வராந்தாவில் கான்ஸ்டபிள் அவனுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். இடது கையில் பிடித்துப் பல்லால் கடித்து இழுத்துத் தின்றான். வெற்றிலைக் கறை ஏறிய பற்கள், வரிசையில் ஒன்றுகூடக் குறையவில்லை. தாமோதரன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். விடுதலை வேண்டாம் என்கிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்தது. அது எப்படியும் இல்லை. பன் தின்கிற முகமாகத்தான் இருந்தது.

பொன்னேரி ரயிலில் சுராயா காரணங்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். வியாதி வெளியே தெரிந்தால் தோணிரேவில் அவனைத் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். அவன் தொட்ட இறாலை யாரும் வாங்கமாட்டார்கள். ஜெயிலே மேல் என்று நினைத்திருப்பான். மீஞ்சூர் தாண்டியும் தாமோதரன் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல நான் ஒரு கொலை பண்ணியிருந்தாக்கூட நீங்க திரும்பிப் பாத்திருக்க மாட்டீங்க சார்."

அவர் திரும்பினார். இறாலை ஒரு கையால் பிடிப்பார்களா, இரண்டு கையாலா என்று கேட்டார்.

இரண்டு கையாலும்தான் என்றாள். தண்ணீருக்குள் மண்டியிட்டு நகர்ந்துகொண்டே, இடது கையால் சேற்றில் அணை கட்டி, வலது கையால் தடவிப் பிடிக்க வேண்டும். கண்ணுக்கு வேலையே இல்லை, விரல்தான் கண். இறுக்கினால் நசுங்கும், விட்டால் துள்ளும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். பிடித்ததை அதில் போடுவார்கள்.

"அப்படியென்றால் வேலை முடியும்வரை பேச முடியாது."

"அதான் சார். உங்களுக்குன்னே கண்டுபுடிச்ச தொழிலு."

அவர் இன்னொன்று கேட்டார். ஒருவர் பறியை இன்னொருவர் எடுப்பது உண்டா? சுராயா முகத்தைச் சுளித்தாள். வாயில் கடிக்கிற சாமானை யார் மாற்றிக்கொள்வார்கள்? புருஷன் பெண்டாட்டியே தொடமாட்டார்கள். ஒவ்வொரு பறியிலும் ஒரு கலர் நூல் கட்டியிருக்கும். நீல நூல் என்றால் முனியன் என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் தண்ணீரில் மிதந்த பறியைப் பார்த்தவுடனே ஊர் முழுக்க ஒரே பெயரைச் சொன்னது.

பழவேற்காடு போலீஸ் ஸ்டேஷனில் தேவதாஸ் டாக்டரின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஒளித்துவைத்த பிள்ளையைப் பார்க்கிற மெஷினில் ஒளித்துவைத்த உண்மையும் தெரியுமா என்று கேட்டார். ஆனாலும் அவர் மோசமான மனுஷர் இல்லை. கழுத்தைப் பிடிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு கேஸ் நடத்த முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாளைக்குக் கோர்ட்டில் காவலை நீட்டிக்கக் கேட்கப் போவதில்லை, விட்டுவிடுகிறேன் என்றார். பிறகு, அப்படியானால் யார் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, டீ சொல்லி அனுப்பினார்.

தாமோதரன் பறியைப் பார்க்கலாமா என்றார்.

அது அலமாரியில், கயிற்றில் கட்டிய சீட்டோடு இருந்தது. காய்ந்து லேசாகிவிட்டிருந்தது. நீல நூல் அப்படியே இருந்தது. சுராயா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஓலை இன்னும் மஞ்சள் நிறம் போகாமல் இருந்தது. உப்புத் தண்ணீரில் ஒரு பறி இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது, இது முடைந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும் என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே விளிம்பைத் திருப்பினாள். பல் பதிந்த குழிகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் ஒரு பல் அகலத்துக்கு வெறும் ஓலை. அப்புறம் மறுபடி இரண்டு. அடுத்த கடியிலும் அதே இடைவெளி. அதற்கடுத்ததிலும்.

அவள் வாயில் ஏதோ கிண்டல் இருந்திருக்க வேண்டும். அது வரவில்லை. பறியை மெதுவாகப் பழைய இடத்தில் வைத்தாள்.

தேவதாஸ் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை.

தோணிரேவுக்கு நடந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஏரி அசையாமல் கிடந்தது.

"முனியனுக்குப் பல்லு முழுசா இருந்திச்சு," என்றாள் சுராயா.

"ஆமாம்."

"ஒரு வருஷமா அந்தக் கையால புடிக்க முடியாதுன்னா, வருஷம் பூரா நீல நூலு பறிய யாரு ரொப்புனாங்க?"

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள். டாக்டர் கொடுத்த கடிதத்தை நாளைக்குக் கோர்ட்டில் கொடுக்காமல் விட்டுவிட்டால்? கடிதம் இல்லாமல் மாஜிஸ்திரேட் விடமாட்டார், முனியன் உள்ளேயே இருப்பான் என்றார். கொடுத்தால் என்று அவள் கேட்கவில்லை.

எல்லம்மா கரையிலிருந்து ஐம்பது அடியில் இருந்தாள். இடுப்பளவு தண்ணீருக்குள் மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். தோள் வரை கைகள் உள்ளே. வாயில் பறி. அவர்களைப் பார்த்தும் நிற்கவில்லை. வலது கை மேலே வந்தது, ஒரு இறால் பறிக்குள் விழுந்தது, கை மறுபடி கீழே போனது. தாமோதரன் கரையில் நின்று காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. 

கடைசியில் எல்லம்மா எழுந்து கரைக்கு வந்தாள். பறியை வாயிலிருந்து எடுத்தாள். முந்தானை நனைந்து இடுப்பில் செருகியிருந்தது. வாயை மூட மறந்துவிட்டாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

மெஷின் என்ன சொன்னது என்று கேட்டாள். தாமோதரன் எல்லாவற்றையும் சொன்னார். கை ஒரு வருஷத்துக்கு மேலாக வராது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதை, வியாதியின் பெயரை, அதற்கு மாத்திரை இருப்பதை, நாளைக்கு அவனை விட்டுவிடுவார்கள் என்பதை. கேட்டுவிட்டு அவள் மணலில் உட்கார்ந்தாள். பறியைப் பக்கத்தில் வைத்தாள். சுராயாவின் கண் அதன் விளிம்பில் நிற்பதைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க ஸ்டேசன்ல பறியப் பாத்துட்டீங்க," என்றாள்.

"பார்த்தோம்."

அழவில்லை. வேறு யாருக்கோ நடந்ததுபோல் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. இறால் நசுங்கியது, நசுங்கினதைப் பச்சைமுத்து வாங்கவில்லை. அன்றிலிருந்து ரெண்டு பேரும் விடியலில் மற்றவர்களுக்கு முன்னால் இறங்குவார்கள். அவன் பக்கத்தில் சும்மா மண்டியிட்டிருப்பான். இவள் அவன் பறியையும் ரொப்பித் தன் பறியையும் ரொப்புவாள். கரைக்கு வரும்போது அவன் தன் பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவான். ஊருக்குத் தெரியவில்லை. ஒரு நாள் பச்சைமுத்துவின் கொட்டகையில் கொதிக்கிற டீ கிளாஸைக் கொடுத்தார்கள். முனியன் அதை வலது கையில் வாங்கிப் பேசிக்கொண்டே நின்றான். தோல் கொப்புளித்தது பச்சைமுத்துவுக்குத்தான் முதலில் தெரிந்தது.

அதற்கப்புறம் பச்சைமுத்து விடியலில் ஏரிக்கு வர ஆரம்பித்தான். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லாமல் இருக்க அவன் கேட்டதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுராயா தரையைப் பார்த்தாள்.

அன்றைக்கு முனியன் காய்ச்சலாகக் கரையிலேயே படுத்திருந்தான். அவள் நீல நூல் பறியை வாயில் வைத்துக்கொண்டு தனியாக இறங்கியிருந்தாள். பச்சைமுத்து தண்ணீருக்குள் வந்து தலைமயிரைப் பிடித்தான்.

"வாயில பறி இருந்திச்சு சார். கத்தவும் தோணல. கைய எடுத்து அவன் கழுத்துல போட்டேன். சேத்துல கெளுத்தி மாட்டிச்சின்னா தலையப் புடிச்சிட்டு விடக்கூடாது. விட்டா முள்ளால குத்திடும். அதே நெனப்புல புடிச்சிட்டிருந்தேன். அது எப்ப அடங்கிச்சின்னு எனக்குத் தெரியல."

தண்ணீரில் ஏதோ மீன் துள்ளி விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முனியன் சத்தம் கேட்டு வந்திருக்கிறான். அவள் வாயிலிருந்து பறியை எடுத்துத் தண்ணீரில் போட்டான். வீட்டுக்குப் போ என்றான். அவள் போனாள். அவன் கரையில் உட்கார்ந்துகொண்டான். பறிதான் தன்னுடையதாயிற்றே, வேறு யாரையும் தேடமாட்டார்கள் என்று அவன் கணக்கு. அவள் கணக்கு வேறாக இருந்தது. அந்தக் கை கழுத்தைப் பிடிக்காது என்று யாராவது ஒருவர் நிரூபித்துவிட்டால் அவனை விட்டுவிடுவார்கள், அப்புறம் யாரென்று தெரியாமலே போய்விடும். மெஷின் வருஷக் கணக்குவரை சொல்லும், அந்த வருஷத்தில் அவன் பறியை ரொப்பியது யார் என்ற கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியாது.

தாமோதரன் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. பிடிக்க வந்தவனைத் தடுத்ததில் நடந்ததைக் கோர்ட் வேறு மாதிரி பார்க்கும், தானாகப் போய்ச் சொன்னால் இன்னும் வேறு மாதிரி பார்க்கும், நல்ல வக்கீல் இருக்கிறார். சொல்லி முடித்ததும் அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவருக்கே தோன்றியது.

எல்லம்மா அதைக் காதில் வாங்கினாளோ என்னவோ. அவளுக்கு வேறு கவலை. சுராயாவைத்தான் கேட்டாள்.

"அந்த மாத்திர எத்தினி நாளுக்கு, பாப்பா?"

"ரெண்டு வருஷம்கா. மாசா மாசம் போயி வாங்கணும்."

"அவுருக்கு அடுப்பு சுடறது தெரியாது. சட்டிய வெறுங்கையாலத் தூக்கிடுவாரு. கால்ல ஆணி ஏறினாக்கூடத் தெரியாது. ராத்திரி படுக்க சொல்ல நான்தான் கையி காலு பாத்துட்டுப் படுக்க வெப்பேன்."

சுராயா அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். பழவேற்காட்டில்தான் தன் அம்மா பரக்கத் பீவி இருக்கிறாள், தானும் சனி ஞாயிறு வருவேன், மாத்திரை தவறாது என்றாள். அந்தக் குரலில் கிண்டல் துளியும் இல்லை. ராத்திரி கை கால் பார்ப்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. எல்லம்மாவும் அதை மறுபடி கேட்கவில்லை.

"அவுர விட்டப்புறம் நானே வரேன் சார். அதுக்கு மின்ன நான் வந்தா அவுரு கோர்ட்ல நான்தான்னு ஒத்துக்குவாரு."

பஸ்ஸில் திரும்பும்போது, எல்லம்மா ஓடிப்போய்விட்டால் என்று சுராயா கேட்டாள். ஜன்னல் வழியே உப்பு நிலம் போய்க்கொண்டிருந்தது.

"எங்கே?" என்றார் தாமோதரன்.

மறுநாள் பொன்னேரி கோர்ட்டில் எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. தேவதாஸ் காவல் கேட்கவில்லை. மாஜிஸ்திரேட் டாக்டரின் கடிதத்தைப் படித்தார், முனியனின் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார், சொந்த ஜாமீனில் போகலாம் என்றார். முனியன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வக்கீல் அதற்குள் அவனை வெளியே அழைத்து வந்துவிட்டார்.

வாசலில் சந்தைக் கூட்டம் மாதிரி ஆட்கள். நில வழக்குக்காரர்கள், சாட்சிகள், நெல் மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். முனியன் படிக்கட்டில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தாமோதரனைப் பார்த்தான், சுராயாவைப் பார்த்தான், அவர்களுக்குப் பின்னால் பார்த்தான். அவன் தேடிய முகம் அங்கே இல்லை.

எல்லம்மா பின்பக்கத் தூணருகிலிருந்து வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். அவன் பின்னால் வந்து நின்று, தொங்கிக்கொண்டிருந்த வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். புதுக் காயம் ஏதும் இருக்கிறதா என்று உள்ளங்கையைத் திருப்பினாள். ஒன்றும் இல்லை.

அவன் திரும்பவில்லை. இன்னும் கூட்டத்துக்குள் அவளைத் தேடிக்கொண்டிருந்தான்.

சுராயா அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். எல்லம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். கையை எடுத்த இடத்திலேயே மெல்ல விட்டாள். பிறகு படியேறி, தேவதாஸ் நின்றுகொண்டிருந்த வராந்தாவை நோக்கி நடந்தாள்.